தொட்டிக்குள் ஆடும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எழுதிய மீன்தொட்டிக் கதைக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படிக்காதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பேரனுக்காகக் கொளத்தூரில் மீன் வாங்கப் போனேன். புதுத் தண்ணீரில் விட்டால் மீன் சுணங்கிவிடும், பழகிய தண்ணீரையும் கொண்டுபோங்கள் என்று சொல்லி, இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் அரையடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார் கடைக்காரர். ஆட்டோவின் பின்சீட்டில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்தபோது தொட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மற்றதெல்லாம் என் வேட்டியிலும் ஆட்டோ சீட்டிலும்.

இதில் வெட்கப்பட வேறு காரணமும் உண்டு. முப்பது வருடம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஹைட்ராலிக்ஸ் லேபில் மெக்கானிக்காக இருந்தவன் நான். கண்ணாடித் தொட்டியை ஆட்டித் தண்ணீர் எப்படித் தளும்புகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதே என் வேலையில் பாதி. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

தொட்டியில் கால்வாசிதானே தண்ணீர் இருந்திருக்கும்? அப்படியும் ஏன் வெளியே சிந்தியது?
– வாசகி, கும்பகோணம்

கால்வாசி இல்லை அம்மா, பாதி. தொட்டியின் உயரம் ஒரு அடி. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானதுதான். மேலே இன்னும் அரையடி இடம் இருந்ததே!

நீள்சதுரத் தொட்டியில் தண்ணீரை ஊற்றி ஒரு தட்டு தட்டிவிட்டு கவனியுங்கள். ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும், திரும்பி வரும். ஒரு முறை போய்வர ஆகும் நேரம் நீங்கள் மெல்லத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் கிட்டத்தட்ட மாறாது. அந்த நேரத்தைத் தொட்டியின் நீளமும் தண்ணீரின் ஆழமும்தான் முடிவு செய்கின்றன. எங்கள் லேபில் இருந்தது சரியாக ஒரு மீட்டர் நீளத் தொட்டி. 10 செ.மீ. தண்ணீர் ஊற்றினால் ஓர் ஆட்டத்துக்கு 2.05 நொடி. 30 செ.மீ. என்றால் 1.32 நொடி. 50 செ.மீ. என்றால் 1.18. அதற்கு மேல் 80 செ.மீ. வரை ஊற்றினாலும் 1.14தான். நீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் போய்விட்டால், அடியில் இருக்கும் தண்ணீருக்கு மேலே நடக்கும் ஆட்டமே தெரியாது. அதனால் ஆழம் கூடக் கூட நேரம் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று பிள்ளைகளை எப்போதும் ஆச்சரியப்படுத்தும். தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றினாலும் அதே 1.18 நொடிதான். எடை குறைந்தால் சுவரில் விழும் அடி குறையுமே தவிர, தாளம் மாறாது. ஊசலில் குண்டு கனமானதா லேசானதா என்பது பொருட்டில்லை அல்லவா, அதே கணக்கு. தேன் போலக் கெட்டியாக இருந்தால் மட்டும் ஆட்டம் சீக்கிரம் செத்துப்போகும்.

என் மீன்தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1.09 நொடி வந்தது. நெரிசலில் ஆட்டோக்காரர் ஆக்சிலேட்டரைத் திருகுவதும் விடுவதுமாக வந்த வேகமும் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். அவர் பாவம், தெரியாமல் ஊஞ்சல் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நிறைகுடம் தளும்பாது" என்பது அறிவியல்படி சரியா?
– தமிழாசிரியர், திண்டுக்கல் (இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்)

குடத்துக்குச் சரி. தொட்டிக்குத் தப்பு.

குடத்தின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள் ஐயா. பாதி நிரப்பினால் தண்ணீரின் மேற்பரப்பு வயிற்றுப் பகுதியில், அதாவது அகலமான இடத்தில் இருக்கிறது. அகலம் கூடினால் ஆட்டம் நிதானமாகும், ஆடுகிற தண்ணீரும் அதிகமாகும். கழுத்துவரை நிரப்பினால் மேற்பரப்பு ஒரு சாண்கூட இருக்காது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஆடுவதற்குத் தண்ணீருக்கு இடமே இல்லை. வயிற்றில் உள்ளது முழுக்க உறைந்த மாதிரி குடத்தோடு சேர்ந்து வருகிறது. ஆக, பழமொழியின் பெருமையில் பாதி குடம் வனைந்த குயவருக்குச் சேரவேண்டும்.

நீள்சதுரத் தொட்டிக்குக் கழுத்து கிடையாது. அடியிலும் விளிம்பிலும் ஒரே அகலம்தான். விளிம்புவரை நிரப்பினால் முதலில் சிந்துவது அதுதான். இயற்கை எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி ஏற்றிச்செல்லும் கப்பல்களைப் படத்தில் பார்த்தால் இது விளங்கும். அவற்றின் பெரிய தொட்டிகள் பலவற்றில் மேல்மூலைகளைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். நிரம்பியிருக்கும்போது மேற்பரப்பு குறுகட்டும் என்பதற்காக. குடத்தின் கழுத்தேதான், பொறியியல் உடை போட்டு வந்திருக்கிறது. அந்தத் தொட்டிகளைப் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் அடியில் 10 சதவீதத்துக்குள் வைக்கவேண்டும் என்றொரு விதியும் உண்டு. நடுவில் நின்றால் கடலில் சுவரைப் பதம்பார்த்துவிடும். குறைகுடம் கூத்தாடுவதை அவர்களும் கப்பல் சேதப்பட்ட பிறகுதான் கற்றார்கள். 1969இல் போலார் அலாஸ்கா என்ற கப்பலின் தொட்டிக்குள் அப்படித்தான் சேதமானது.

என் அம்மா ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும்போது குடத்தில் ஒரு வேப்பங்கொத்தை மிதக்க விடுவார். கிருமிக்கு நல்லது என்பார். அலையை அடக்குகிறதும் அதுதான் என்று எனக்கு லேபுக்குப் போன பிறகே புரிந்தது. ராக்கெட் எரிபொருள் தொட்டிகளிலும் மேற்பரப்பில் மிதக்கும் டப்பாக்களைப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணை 1957இல் எரிபொருள் தளும்பியே 93 நொடியில் தடம்புரண்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2007 மார்ச்சில் ஃபால்கன் 1 ராக்கெட்டின் இரண்டாவது பயணமும் இதே தளும்பலால் கெட்டது. மேல் அடுக்குத் தொட்டியில் தடுப்புத் தகடு வைக்காமல் விட்டிருந்தார்கள்.

பாதி லோடு டேங்கரை ஓட்டும்போது பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகு முன்னால் ஒரு தள்ளு தள்ளுகிறது. ஃபுல் லோடில் அப்படி இல்லை. ஏன் ஐயா?
– டேங்கர் ஓட்டுநர், நாமக்கல்

தம்பி, உங்களுக்கு இதைக் கைகாலே சொல்லிக்கொடுத்திருக்கும். நான் கணக்கை மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் டாங்கி நீள்வட்டம். கணக்குக்கு எளிதாக 6 மீட்டர் நீளப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம், உள்ளே 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் அது முன்பக்கம் போய்த் திரும்ப 4 நொடி ஆகும். நீங்கள் பிரேக்கை மிதித்ததும் தண்ணீர் முன்னால் கிளம்புகிறது. அது முன்சுவரில் முழுதாக ஏறிச் சாய்வதற்குப் பாதி நேரம், அதாவது 2 நொடி. அதற்குள் வண்டி நின்றிருக்கும். நீங்கள் பிரேக்கைத் தளர்த்தவும் தள்ளு வந்து சேரவும் சரியாக இருக்கும். சிக்னலில் முன்னால் நிற்கும் பைக்காரருக்கு இது தெரியாது. ஃபுல் லோடில் தண்ணீர் போக மேலே இடமே இல்லை.

வளைவில் இன்னும் மோசம். அங்கே குறுக்கே ஆடும். அகலம் குறைவு என்பதால் ஆட்டம் வேகமாக இருக்கும், பாரமும் வெளிச்சக்கரங்கள் பக்கம் சாயும். ஸ்டியரிங்கை இடது வலது என்று ஒடித்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளே ஓட்டைத் தகடுகளைக் குறுக்கே வைப்பது இதற்குத்தான். முழுச் சுவராக வைத்து 6 மீட்டரை மூன்று அறையாக்கினால் ஒவ்வொன்றும் 2 மீட்டர் பெட்டியாகி, ஆட்ட நேரம் 4 நொடியிலிருந்து 1.67 நொடிக்கு இறங்கும். பெட்ரோல் வண்டிகளில் பார்த்திருப்பீர்கள், தனித்தனி கம்பார்ட்மென்ட். ஓட்டைத் தகடு வேறு வழியில் வேலை செய்கிறது. தண்ணீர் அந்த ஓட்டைகளில் பீய்ச்சிக்கொண்டு போய், மறுபக்கம் சுழித்து, அங்கேயே களைத்துவிடும். பால் வண்டி சிலவற்றில் தடுப்பே வைப்பதில்லை, மூலையில் பால் தங்கினால் கழுவ முடியாது என்பதால். அந்த வண்டியைப் பாதி லோடில் ஓட்டுபவருக்கு என் வணக்கம்.

2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் பாங்காக் மாடி நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவி போலக் கொட்டியதே. எங்கள் அடுக்குமாடியின் மேல்நிலைத் தொட்டியும் அப்படி ஆகுமா?
– வாசகர், சென்னை நங்கநல்லூர்

அந்த வீடியோவை நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். நிலநடுக்கம் 7.7 அளவு. பாங்காக் ஏறக்குறைய 1000 கி.மீ. தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் போகும்போது படபடவென்று ஆடும் அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக, சில நொடிக்கு ஒருமுறை அசையும் நீண்ட அலைகள்தான் போய்ச்சேரும். பாங்காக்கின் அடிநிலம் மென்களிமண், அது அந்த மெதுவான அசைவை இன்னும் பெரிதாக்கும். நாற்பது ஐம்பது மாடிக் கட்டடம் ஒருமுறை அசைந்து திரும்ப ஆகும் நேரமும் நாலைந்து நொடி.

இப்போது குளத்துக்கு வாருங்கள். 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்தால் நீளவாக்கில் ஆட்ட நேரம் 12 நொடிக்குப் பக்கம். குறுக்கே 4.8 நொடி! நிலமும் கட்டடமும் குளமும் ஒரே தாளத்தில் மாட்டிக்கொண்டன. அப்புறம் அருவி கொட்டாமல் என்ன செய்யும்?

உங்கள் மேல்நிலைத் தொட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் ஆழம் இருக்கும் என்றால் அதன் நேரம் 1.67 நொடி. மூடியும் இருக்கிறது. தூரத்து நிலநடுக்கம் அதைப் பெரிதாகச் சீண்டாது. பக்கத்தில் வந்தால் கதை வேறு. அதற்குத்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹவுஸ்னர் என்ற நிலநடுக்கப் பொறியாளர் 1950களிலும் 60களிலும் ஒரு வழி சொல்லிவைத்தார். தொட்டித் தண்ணீரை இரண்டாகப் பிரித்துக்கொள்: அடியில் உள்ளது சுவரோடு ஒட்டி ஆடும் கல், மேலே உள்ளது ஸ்பிரிங்கில் கட்டிய கல். உங்கள் தொட்டி மாதிரி ஆழம் நீளத்தில் பாதி இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. நம் நாட்டில் தண்ணீர்த் தொட்டிகளுக்கான நிலநடுக்க விதி, ஐ.எஸ். 1893 இரண்டாம் பகுதி, 2014, இந்த வழியில்தான் போகிறது. அதில் மேல்தண்ணீருக்கு ஆட்டம் தணியும் அளவாக வெறும் 0.5 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது அலை பாதியாவதற்கே சுமார் 22 தடவை ஆடவேண்டும். நிலம் நின்ற பிறகும் தொட்டி ஆடிக்கொண்டிருக்கும் என்று பெரியவர்கள் சொல்வது கற்பனை இல்லை.

சிலர் இதையே வேலைக்காரனாக்கிவிட்டார்கள். காற்றில் ஆடும் உயரக் கட்டடத்தின் உச்சியில் திட்டமிட்டே ஒரு தொட்டியை வைத்து, அதன் தாளத்தைக் கட்டடத்தின் தாளத்துக்குச் சரிசெய்துவிடுவார்கள். கட்டடம் வலப்பக்கம் போகும்போது தண்ணீர் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஜப்பானில் 1980களிலேயே கோபுரங்களில் செய்தார்கள். கனடாவின் வான்கூவரில் ஒன் வால் சென்டர் என்ற கட்டடத்தின் உச்சியில் இரண்டு பெரிய தொட்டிகள் இதற்காகவே இருக்கின்றன. கட்டடத்தின் ஆட்டம் 5 நொடி என்றால், 10 மீட்டர் நீளத் தொட்டியில் 1.8 மீட்டர் தண்ணீர் ஊற்றவேண்டும். கட்டி முடித்தபின் கட்டடம் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் குழாயைத் திறந்து கொஞ்சம் ஊற்றியோ வடித்தோ சரிசெய்யலாம். இந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். வீணைக்கு முறுக்காணி மாதிரி.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நீள்சதுரத் தொட்டியில் தளும்பலை எடுக்கலாமா? "நூறு வருடப் பழசு, இனி என்ன இருக்கிறது" என்கிறார்கள்.
– மாணவர், காரைக்குடி

சொன்னவர் தொட்டியை ஆட்டிப் பார்க்காதவர்.

சின்ன அலைக்குக் கணக்கு முடிந்துவிட்டது, உண்மை. அலை பெரிதானால்தான் வேடிக்கை. எங்கள் தொட்டியில் 10 செ.மீ. தண்ணீர் வைத்து, தொட்டியை ஆட்டும் மோட்டாரின் வேகத்தைப் பொட்டுப் பொட்டாக ஏற்றினால் கணக்குச் சொல்லும் இடத்தைத் தாண்டியும் அலை வளர்ந்துகொண்டே போகும். திடீரென்று ஒரு கட்டத்தில் பொத்தென்று விழுந்துவிடும். 50 செ.மீ. வைத்தால் அதே வித்தை வேகத்தைக் குறைக்கும்போது நடக்கும். இந்த இரண்டு குணமும் மாறும் ஆழம் நீளத்தில் 0.337 பங்கு. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதற்குக் கீழே பெரிய அலை அவசரக்காரன், மேலே சோம்பேறி. ஒரு தடவை இதைக் காட்டுகிறேன் என்று வேகத்தைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டேன். தொட்டியின் ஓர இணைப்பு பிரிந்து, முதல் வரிசையில் நின்ற மாணவியின் ரெக்கார்டு நோட்டு லேபுக்குள் மிதந்து போனது. அதை முழுதாக நானே மறுபடி எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தைக் கண்டுபிடித்துப் பேராசிரியர் என்னைத் திட்டினார்.

இன்னும் முடியாத இடம், அலை சுவரில் மோதும் அழுத்தம். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே ஆட்டம், ஆனாலும் மோதும்போது அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண். அலைநுனி உடையும் விதம், உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று, இவை கொஞ்சம் மாறினாலும் உச்ச அழுத்தம் எங்கேயோ போய்விடும். அதனால் மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 900 மி.மீ. நீளம், 508 உயரம், 62 தடிமன் உள்ள ஒல்லியான தொட்டியைச் செய்து, ஒரே சோதனையை 100 தடவை திரும்பத் திரும்பச் செய்தார்கள். தண்ணீரில் ஒருமுறை, சூரியகாந்தி எண்ணெயில் ஒருமுறை. இன்று கணினியில் அலையைக் கணக்கிடும் நிரல் எழுதுபவர்கள் அந்த அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் தங்கள் நிரலைச் சோதிக்கிறார்கள். நீங்களும் அதில் தொடங்கலாம், கண்ணாடி வெட்டும் செலவு மிச்சம்.

நம் பக்கத்திலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் தொட்டியைத் தனியாக ஆட்டாமல், ஒரு மிதவைப் படகுக்குள் வைத்து அந்தப் படகை அலைத்தொட்டியில் மிதக்கவிட்டார்கள். படகு தண்ணீரை ஆட்டுகிறது, தண்ணீர் படகை ஆட்டுகிறது, யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று பிரிப்பதுதான் ஆராய்ச்சி. நாசர், சன்னாசிராஜ், சுந்தர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன். கணினியைத் திறக்குமுன் ஒரு தொட்டியைத் தட்டிப் பாருங்கள். ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் டிரே போதும். 40 செ.மீ. நீளம் இருந்து, 10 செ.மீ. தண்ணீர் ஊற்றினால் பத்து ஆட்டத்துக்கு 9 நொடி ஆகும். 3 செ.மீ. மட்டும் ஊற்றினால் 15 நொடி. அப்படி வராவிட்டால் டிரேயின் சாய்ந்த சுவர்மேல் பழிபோடலாம்.

மதுரை மாரியம்மன் தெப்பக்குளமும் நீள்சதுரத் தொட்டிதானே? அது தளும்புமா?
– வாசகி, மதுரை

பிரமாதமான கேள்வி! ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர். 3 மீட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்தால், ஒரு கரையிலிருந்து மறுகரை போய்த் திரும்ப 110 நொடி, கிட்டத்தட்ட 2 நிமிடம். இந்த மாதிரி ஆழமில்லாத நீர்நிலைக்குக் கணக்கு 1828இலேயே வந்துவிட்டது, மெரியன் சூத்திரம் என்பார்கள்: நீளத்தை இரண்டால் பெருக்கி அலையின் வேகத்தால் வகுத்தால் போதும். ஆனால் தைப்பூசத்துத் தெப்பம் சுற்றிவந்தாலெல்லாம் அது ஆடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது குளத்தையே பிடித்துத் தள்ளவேண்டும்.

டம்ளர் நிறைய ஃபில்டர் காபியைச் சிந்தாமல் எடுத்துவர வழி?
– சர்வர், மயிலாப்பூர்

நுரை. டம்ளர் வட்டம்தான், என் தொட்டிக் கணக்கில் சேராது. ஆனால் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2015இல் இதைச் சோதித்ததே ஒரு ஒல்லியான நீள்சதுரப் பெட்டியில்தான். திரவத்தின் மேல் ஐந்து அடுக்குக் குமிழி இருந்தாலே அலை வெகுவாக அடங்கிவிடுகிறது. குமிழிகள் சுவரில் உரசி ஆட்டத்தைத் தின்றுவிடுகின்றன. நீங்கள் ஆற்றுவதைக் கொஞ்சம் உயரத் தூக்கி ஆற்றுங்கள்.

மீன்கள் என்ன ஆயின தாத்தா?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, அரக்கோணம்

நீ ஒருத்திதான் இதைக் கேட்டாய் பாப்பா. மீன்கள் தொட்டியில் வரவே இல்லை. ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலிதீன் கவரில், ஆட்டோக்காரர் பக்கத்தில் கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இப்போது இரண்டும் நலம். ஒன்றுக்கு என் பெயரை வைத்திருக்கிறான் பேரன். எதற்கென்று கேட்டேன், "அது எப்பப் பாத்தாலும் ஓரமாவே நிக்குது" என்றான்.